சோப்புத் தாளின் நான்கு மூலைகள்

கடைக்குப் போனால் வாங்க வந்ததை மறந்துவிட்டு, லேபிள் படித்துக்கொண்டு நிற்கிற ஆள் நான். கல்யாணமாகி அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டுக்கு வந்த புதிதில் இந்தப் பழக்கம் முற்றிப்போயிருந்தது. காலியான தைல பாட்டில், ஷாம்பு பாட்டில், பவுடர் டப்பா எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபிளைக் கிழியாமல் உரித்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவைப்பேன். வீட்டுக்காரர் ஷேவ் செய்ய வெளிச்சம் தேடி ஜன்னல் பக்கம் வருவார், இருட்டாக இருக்கும். "கடை போர்டு ஒண்ணுதான் பாக்கி, அதையும் மாட்டிடு" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார்.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிராயிங் பிரிவில் இருந்தேன். பல்சக்கரம், வால்வு, புஷ் என்று இயந்திரத்தின் உறுப்புகளை டிரேசிங் தாளில் மையால் வரைகிற வேலை. கோடு கொஞ்சம் தடித்தாலும் பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி போட வேண்டும். அப்படி உயிரைக் கொடுத்து வரைந்ததை யாரும் ரசித்துப் பார்த்தது கிடையாது. அளவு சரியா என்று பார்ப்பார்கள், சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். லேபிள் அப்படி இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை நிற்கவைத்து, கையில் எடுக்கவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோகவும் வைக்கிறது. அது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு அடங்காத ஆசை.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துப் பக்கம் கடைகளில் நின்று வேடிக்கை பார்ப்பேன். பெண்கள் சோப்பைக் கையில் எடுத்ததும் படிப்பதில்லை, மூக்குக்குக் கொண்டுபோகிறார்கள். அப்புறம் பின்பக்கம் திருப்புகிறார்கள். அங்கே எழுதியிருப்பதைப் படிக்க இல்லை. திருப்பிப் பார்க்காமல் வாங்கினால் கடைக்காரர் நம்மை ஏமாளி என்று நினைத்துவிடுவாரே, அதற்காக. இதையெல்லாம் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். என்றைக்காவது ஒரு லேபிள் வரையும் வேலை என் கைக்கு வராதா என்று இருந்தது.

அந்த வேலை எங்கள் தெருக்கோடி வீட்டிலிருந்தே வந்தது. அங்கே ஒரு அக்கா இருந்தார். பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டுவது அவர் வேலை. அவருடைய ஆட்கள் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வயலில் கூலி வேலை செய்தவர்கள். வயலெல்லாம் கம்பெனி ஷெட்டுகளாக மாறியபோது வீட்டு ஆண்கள் அந்த ஷெட்டுகளுக்கே ஹெல்பராகப் போனார்கள், அக்கா குழந்தை பிறந்த வீடுகளுக்குப் போனார். மேனாம்பேட்டில் அன்றைக்குத் தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகளில் முக்கால்வாசி அவர் காலில் கிடந்து குளித்தவைதான்.

குனிந்து நிமிர்ந்து அவருக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது. பலகையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பெண்களுக்கான ஏதோ பயிற்சி முகாமில் சோப்பு செய்யக் கற்றுக்கொண்டு வந்தார். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும்தான் மூலப்பொருள். அக்கா அதில் பயத்தமாவும் வேப்பிலைச் சாறும் சேர்த்தார். கலந்து, அச்சில் ஊற்றி, வில்லை போட்டு, பலகையில் அடுக்கி ஒரு மாதத்துக்கு மேல் காயவிடுவார். காயக் காயத்தான் காஸ்டிக்கின் காரம் அடங்கும். அடங்கிவிட்டதா என்று நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பார். சுருக்கென்றால் மறுபடி பலகைக்குப் போகும்.

நியூஸ் பேப்பரில் சுற்றித்தான் கொடுப்பார். மேனாம்பேட்டில் அதுவே போதும், அவர் கையை எல்லோருக்கும் தெரியும். ஆவடிக் குவார்ட்டர்ஸில் தெரியாது. என் அப்பா அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் வளர்ந்ததும் அந்தக் குவார்ட்டர்ஸில்தான். அங்கே ஊழியர்களுக்கான ஸ்டோரில் தீபாவளிக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தருவதாக அதன் பொறுப்பாளர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தால் உள்ளேயே விடமாட்டேன், லேபிள் வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

"நல்லா போடுமே. அங்க இருக்கறவங்களுக்கு என்னியத் தெரியாது. சோப்பு கெட்டுச்சின்னா கையும் கெட்டுச்சின்னுதான் பேசுவாங்க. அப்பால யாரு என்கைல கொயந்தயக் குடுப்பா?" என்றார் அக்கா.

சோப்பு நல்லபடியாகப் போனால் முழங்காலுக்கு ஓய்வு. கெட்டுப்போனால் இருக்கிற வேலையும் போய்விடும். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

முதலில் ஒரு தாமரை வரைந்துகொண்டு போனேன். இதழ் இதழாக, காம்பஸ் வைத்து வரைந்தது.

"நான் பூவா விக்கிறேன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து ஒரு அழகான பெண். காற்றில் பறக்கும் கூந்தல், கன்னத்தில் விரல். அக்கா அவளை வெகுநேரம் பார்த்தார்.

"இவ யாருமே? இவளா கொயந்தயக் குளிப்பாட்டுவா? நெகத்தப் பாரு, கொயந்த கண்ணு போயிடும்."

மூன்றாவதாக, நீட்டிய இரண்டு கால்களும் அதன்மேல் ஒரு குழந்தையும் போட்டேன். இதுதான் சரியான யோசனை என்று எனக்கே பெருமை. ஆனால் கை பழகியது இயந்திர உறுப்புகளுக்கு. இரண்டு கால்களும் ஸ்கேல் பிடித்த மாதிரி இணைகோடுகளாக வந்தன. தலை சுத்தமான வட்டம்.

"கொயந்த இன்னாமே போல்ட்டு மாரி கீது?" என்றார் அக்கா. அங்கே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்காக விட்டுவிடவும் மனசில்லை. அடுத்த முறை அவர் குழந்தை குளிப்பாட்டப் போனபோது பென்சிலும் அட்டையுமாக நானும் கூடவே போனேன்.

அப்படி ஒரு காரியத்தை அதுவரை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. சேலையை முழங்காலுக்கு மேல் வழித்துக்கொண்டு, கால்களை நீட்டி, குழந்தையைக் குப்புறப் போட்டார். தண்ணீரைத் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தார். ஒரு கை ஊற்றும்போது இன்னொரு கை குழந்தையின் நெற்றிக்கு அணை கட்டியது. துடைத்து முடித்ததும் உடனே தாயிடம் கொடுத்துவிடவில்லை. கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று ஒவ்வொரு மடிப்பையும் விரித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"மடிப்புலதான்மே எல்லாம் தெரியும். லேசா சேப்பா கீதுன்னா அங்கதான் மொதல்ல காட்டும்."

அன்றைக்கு வரைந்த படம் சரியாக வந்தது. குழந்தைக்கு முதுகு வளைந்தது, குதிகால் உருண்டது. அதைச் சுற்றி முடி கனத்தில் ஒரு பார்டர் போட்டேன். அந்தப் பார்டருக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடையில் பெண்கள் சோப்பை முகர்ந்து பார்த்தது நினைவில் இருந்ததால், முழுசாக மூடாமல் சோப்பின் இடுப்பில் பெல்ட் கட்டியது போல லேபிளை அமைத்தேன். இரண்டு பக்கமும் திறந்திருக்கும், வாசனை வரும்.

எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர் இருந்தார். பச்சையும் காவியுமாக இரண்டு நிறம் என்று முடிவானது. அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

"மங்களகரமா மஞ்ச இல்லியே நைனா?"

"இன்னொரு கலருன்னா இன்னொரு ஸ்கிரீன் போடணும்க்கா. உனுக்குக் கட்டாது" என்றார் பிரிண்டர். அக்கா மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்தான்.

பயந்தபடியே நடந்தது. லேபிள் கட்டுகள் அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை போய்ப் பார்க்கிறேன், அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லேபிளிலும் பார்டரின் நான்கு மூலையிலும் விரலால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தால் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் சோப்பு லேபிளுக்கு? என் முடி கனத்துப் பார்டரின்மேல் பெருவிரல் அகலத்துக்கு மஞ்சள்!

"அக்கா, என்ன பண்றீங்க? பார்டர் போட்டிருக்கேன், அதுமேலயே அப்புறீங்களே!"

"பார்டர் கீட்டும், யாரு வோணான்னா? புள்ள பொறந்த ஊட்டுக்குள்ள பூர்ற காயிதம். மஞ்ச இல்லாம அனுப்புவாங்களா?"

அழுகையே வந்துவிட்டது எனக்கு. வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. பிரிண்டரிடம் மிச்சமிருந்த, மஞ்சள் படாத ஒரே ஒரு லேபிளை வாங்கி வந்து ஜன்னலில் ஒட்டிவைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. அக்கா வீட்டுச் சுவரெல்லாம் நசநசவென்று ஈரம். ஆவணியில் செய்த வில்லைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. பின்னால் செய்தவை பலகையில் நெருக்கி அடுக்கியபடி காற்றில்லாமல் கிடந்தன. தீபாவளி நெருங்கிவிட்டது. எண்ணெய்க் குளியலுக்குச் சோப்பு வாங்குகிறவர்கள் தீபாவளி முடிந்து வாங்கமாட்டார்கள். அக்கா மேல்வரிசையில் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சுருக்கென்று இல்லை. எல்லாவற்றுக்கும் லேபிள் சுற்றிவிட்டோம்.

இரண்டு கூடைகளில் அடுக்கி, அம்பத்தூரில் ரயிலேறி ஆவடியில் இறங்கினோம். ஸ்டோர் பொறுப்பாளர் கண் மட்டத்தில் இருந்த தட்டிலேயே வைத்தார். நாங்கள் நிற்கும்போதே ஒரு அம்மா வந்து எடுத்தார், முகர்ந்தார், திருப்பிப் பார்த்தார், பைக்குள் போட்டார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. படத்தைப் பார்த்தாரா, பார்டரைப் பார்த்தாரா என்று ஓடிப்போய்க் கேட்கலாமா என்றிருந்தது. அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்டோரைத் தாண்டும்போது பொறுப்பாளர் கூப்பிட்டார்.

"இங்க வாங்கம்மா. உங்க லேபிள் ரத்தம் கக்குது, வந்து பாருங்க."

தட்டில் மிச்சம் இருந்த சோப்புகளைப் பார்த்தேன். மூலைகளில் இருந்த மஞ்சள் பொட்டு கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. எல்லாவற்றிலும் இல்லை. சிலவற்றில் வைத்த மஞ்சள் வைத்தபடியே இருந்தது. அடுத்தடுத்து இருந்த இரண்டில் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. இரண்டு வகையிலும் சிலவற்றைக் கையோடு எடுத்து வந்தேன். எனக்குக் கோபம் பிரிண்டர்மேல்தான் வந்தது. காவி மை ஊறிவிட்டது, மட்டமான மையைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு கட்டி, மறுநாளே ஷெட்டுக்குப் போய் ஒரு பாட்டம் கத்தினேன்.

அவர் அமைதியாகக் கேட்டார். "மஞ்ச வெச்ச காயிதம் மிச்சம் கீதா?"

அக்கா வீட்டில் சோப்பில் சுற்றாத கட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்து நான் கொண்டுபோயிருந்த லேபிள்களைக் காட்டினேன். எல்லாம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தன.

"அதே மையி, அதே மஞ்ச. இது செவக்கல. அப்ப எம்மேல இன்னாத்துக்குப் பாய்றீங்க?"

வீட்டுக்கு வந்து மூன்று வகையையும் ஜன்னலில் வரிசையாக ஒட்டினேன். சோப்பைத் தொடாத தாள், மஞ்சள். சோப்பைச் சுற்றிய தாளில் சில மஞ்சள், சில சிவப்பு. சோப்பு தொட்டால்தான் சிவக்கிறது, ஆனால் எல்லாச் சோப்பும் சிவக்க வைப்பதில்லை. இது என்ன கணக்கு? சமைக்கும்போதும் அதே யோசனை. அக்காவிடம் கேட்டதற்கு, "எவளோ குங்குமக் கையோட தொட்ருப்பா" என்றார். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது, "கண்ணு பட்ருக்கும், சூடம் சுத்திப் போடறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி அம்மா வீடு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண் தலைப்பிரசவம் ஆகி, ஆஸ்பத்திரியிலிருந்து தன் அம்மா வீட்டுக்குக் குழந்தையோடு வருகிறாள். ஆரத்தி எடுக்க என் அம்மாவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நான் கூடவே போய்த் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா தண்ணீர் ஊற்றி மஞ்சள்பொடி கரைத்தார். தளதளவென்று மஞ்சள் தண்ணீர். இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையிலிருந்து துளி சுண்ணாம்பை எடுத்து, அதில் போட்டு விரலால் கலக்கினார். விரல் போன பாதையெல்லாம் சிவந்தது. ஒரு சுற்றில் தட்டு முழுக்கச் சிவப்பு.

பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம். என் கல்யாணத்தில் எனக்கே எடுத்தது. அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"அம்மா, சுண்ணாம்பு போட்டா ஏன் செவக்குது?"

"ஆரத்தின்னா செவப்பாத்தான் இருக்கும். நகருட்டி, பச்ச உடம்புக்காரி வெயில்ல நிக்கா."

அந்தச் சிவப்புதான் லேபிளில் இருந்தது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் மஞ்சள் தாளை நனைத்துப் பார்த்ததெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சோப்பில் சுண்ணாம்பு இல்லை, அதைவிடக் கடுமையான காஸ்டிக் இருக்கிறது. காய்ந்து அடங்கிய வில்லையைச் சுற்றிய மஞ்சள் மாறவில்லை. மழையில் காயாமல் ஈரமாக இருந்தவை ஊறி ஊறித் தாளைச் சிவக்க வைத்திருக்கின்றன. மேல்வரிசை மட்டும் காய்ந்திருந்தது, அக்கா நாக்கில் வைத்ததும் மேல்வரிசையில் ஒன்றைத்தான்.

ஆரத்தி முடிந்து குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். நான் கேட்காமலே அந்தப் பெண்ணின் அம்மா சந்தோஷமாகச் சொன்னார்: "நாளைக்குப் புள்ளைக்குக் குளியல். உங்க சோப்புதான் வாங்கி வச்சிருக்கோம். படம் அவ்வளவு லட்சணமா இருக்குன்னு இவளே எடுத்தா."

குளியலறை மாடத்தில் இருந்தது. நான் வரைந்த குழந்தை குப்புறப் படுத்திருந்தது. மூலைகள் நான்கும் சிவப்பு.

கையில் எடுத்துக்கொண்டு, "இதைப் போடாதீங்க. காரம் இருக்கு, தோல் வெந்துடும்" என்றேன்.

அந்தப் பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானேக்கா இதை வரைஞ்சீங்க?" என்று கேட்டாள். அந்தச் சோப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மேனாம்பேட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பொம்ம போட்டவ பொம்மயோட நில்லு. எத்தினி கொயந்தயக் குளிப்பாட்டுன கை இது, எனுக்குத் தெரியாதா?"

நான் வாதாடவில்லை. சிவப்பு மூலைச் சோப்பு ஒன்றையும் மஞ்சள் மூலைச் சோப்பு ஒன்றையும் அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் அரிவாள்மனையை இழுத்துப் போட்டு, சிவப்பு மூலைச் சோப்பை நடுவில் அறுத்து, உள்பக்கத்தை நாக்கு நுனியில் வைத்தார். வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டு முற்றத்தில் போய்த் துப்பினார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து இன்னொன்றை அறுத்தார். அதை நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு துண்டுகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆவடிக்கு இப்ப ரயிலு கீதா?" என்று கேட்டார்.

அதே கூடைகளோடு போனோம். ஸ்டோர் பொறுப்பாளர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், மஞ்சள் மூலையையும் சேர்த்து. இனிமேல் தட்டு கிடையாது என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் குவார்ட்டர்ஸில் வரிசை வரிசையாக ஏறி இறங்கினோம். வாங்கினவர்கள் யார் யார் என்று கேட்டுக் கேட்டு, சிவந்ததைத் திருப்பி வாங்கினோம். மதுரைக்காரம்மா ஒருவர் துணிக்குப் போட்டேன், நல்ல நுரை, தரமாட்டேன் என்றார். சேலத்துக்காரம்மா ஒருவர் முழங்கையில் எரிந்ததைக் காட்டித் திட்டினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். படி ஏறும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாகக் குழந்தை பிறந்த வீடு. அந்தப் பெண்ணின் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"நானே வந்து வெறும் பயத்தமாவு போட்டு குளிப்பாட்டி வுடறேம்மா. ஒண்ணியும் ஆவாது" என்றார் அக்கா.

"வேண்டாம். உங்க கை எங்க புள்ளமேல படவே வேண்டாம்."

ரயிலில் திரும்பும்போது அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். அண்ணனூர் வந்தது, திருமுல்லைவாயல் வந்தது, வெளியே எடுக்கவே இல்லை. அம்பத்தூரில் இரண்டு கூடைகளையும் நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

விஷயம் மேனாம்பேட்டுக்கும் வந்து சேர்ந்தது. பிரசவமான இரண்டு வீடுகளில் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அக்கா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழை விட்டதும் பலகைகளை இடைவெளி விட்டு மொட்டை மாடியில் போட்டார். காய்ந்த சோப்புக்கு லேபிள் சுற்றி, உடனே யாருக்கும் கொடுக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, தினமும் காலையில் மூலை மூலையாகப் பார்த்தார். நானும் வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போவேன். லேசாகச் சிவந்தாலும் தாளை உரித்துவிட்டுச் சோப்பைப் பலகைக்கே அனுப்பினார். தண்ணீர் பட்டால் எந்தச் சோப்பும் மஞ்சளைச் சிவக்க வைக்கும், அது வேறு. காய்ந்த தாளில், காய்ந்த சோப்பில் மஞ்சள் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

மஞ்சள் நின்ற சோப்புகளை எடுத்துக்கொண்டு, திருப்பி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனோம். ஆளுக்கு ஒன்று கொடுத்து அக்கா ஒரே விஷயம்தான் சொன்னார்: "தையி பொறக்கற வரிக்கும் பிரிக்காம அப்டியே வெய்யிங்க. மூல மஞ்சளாவே கீதுன்னா போடுங்க. செவந்துச்சின்னா தூக்கிப் போட்ருங்க, என்னிய மறந்துருங்க." ஆரத்தி எடுத்த வீட்டில் குழந்தையின் அம்மாவே சோப்பை வாங்கிக்கொண்டாள். ஜன்னல் விளிம்பில் வைப்பது மட்டும் தெரிந்தது.

என் படத்தையும் பார்டரையும் அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லோரும் எடுத்ததும் மூலையைத்தான் பார்த்தார்கள். பல வருஷம் கழித்து, கம்ப்யூட்டரில் லேபிள் செய்கிற காலம் வந்தபோது, பூந்தமல்லியில் ஒரு சென்டரில் உட்கார்ந்து புது லேபிள் செய்தேன். நான்கு மூலையிலும் காலி வட்டம் விடச் சொன்னேன். மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "வெறுமையா இருக்கே மேடம், மஞ்சள் ஃபில் பண்ணிடட்டுமா? இப்பல்லாம் எத்தனை கலர் வேணாலும் போடலாம்" என்றாள். அச்சடித்த மஞ்சள் சிவக்காதம்மா என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் வரைந்த லேபிள்களிலேயே எனக்குப் பிடித்தது, ஒன்றும் வரையாமல் விட்ட அந்த நான்கு வட்டங்கள்தான்.

அதெல்லாம் பின்னால். அந்தத் தையில், பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா வீட்டில் மூலை பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால் ஆவடிப் பெண், கையில் குழந்தை, தோளில் பை. வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை.

பையிலிருந்து சோப்பை எடுத்து அக்கா முன்னால் வைத்தாள். தாள் பிரிக்கப்படவில்லை. நான்கு மூலையும் மஞ்சள்.

"தினம் பார்த்தேன்க்கா. அம்மாவுக்கு நான் வந்தது தெரியாது" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்களே குளிப்பாட்டி விடுங்க" என்று குழந்தையை நீட்டினாள்.

அக்கா உடனே வாங்கவில்லை. கையைச் சேலையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். என்னைத் தண்ணீர் காய்ச்சச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பலகையில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார். தாளைப் பிரித்து, சோப்பை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் குழந்தையை வாங்கிக் காலில் போட்டார். குழந்தை ஒரு பாட்டம் அழுதுவிட்டு, வெந்நீரின் சுகத்தில் அடங்கிப்போனது.

துடைத்து முடித்ததும் வழக்கம்போல அவர் மடிப்பை விரித்துப் பார்க்கவில்லை. துண்டோடு குழந்தையை என்னிடம் கொடுத்தார்.

"நீ பாத்து சொல்லுமே. உன் கண்ணுலதான் மொதல்ல பட்டுது. நல்லா வெளிச்சத்துல காட்டிப் பாரு, எங்கியாச்சும் சேப்பு கீதா?"

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கழுத்து மடிப்பை விரித்தேன். அக்குளைப் பார்த்தேன். தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். குழந்தை என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது.

"எங்கயும் இல்லக்கா. சுத்தமா இருக்கு" என்றேன்.

அக்கா பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். நீட்டிய கால்களை இன்னும் மடக்கவில்லை. சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு நனைந்திருந்த தன் இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.